அரசாங்கத்தின் மேல் அன்பு வைக்காத குற்றம்

கேள்வி இதுதான்: "வெள்ளைக்காரர் காலத்தில் ராஜதுரோகச் சட்டம் போட்டு எல்லாரையும் உள்ளே தள்ளினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் அதே காலத்தில்தான் பத்திரிகைகள் பெருகின, பொதுக்கூட்டங்கள் நடந்தன, வழக்குகள் முறைப்படி நீதிமன்றத்தில் நடந்தன, மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தும் இருக்கிறது. அப்படியென்றால் அன்று குடிமக்களுக்கு உரிமை இருந்ததா, இல்லையா?"

இருந்தது, இரவல் நகை மாதிரி. போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம். கொடுத்தவர் கேட்கும்போது கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். எப்போது கேட்பார், ஏன் கேட்பார் என்பது அவர் இஷ்டம். இதற்கு ராஜதுரோகப் பிரிவு ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அது எல்லாரும் பார்க்கும்படி அடித்த தமுக்கு. கழுத்தை நெரித்த கயிறு வேறு சட்டங்களில் இருந்தது. அந்தக் கயிற்றைப் பற்றி நாம் பேசுவது குறைவு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். இன்று பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும், 2024 வரை நடப்பில் இருந்த இந்தியக் குற்றவியல் சட்டத்தின் 124-ஏ பிரிவை 'தேசத்துரோகம்' என்று எழுதிப் பழகிவிட்டன. அது தப்பு. அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது 121ஆம் பிரிவு. துரோகம் என்று சொல்வதானால் அதைச் சொல்லலாம். 124-ஏ பேச்சையும் எழுத்தையும் பற்றியது. அன்றைய தமிழில் அதற்கு ராஜநிந்தனை என்று ஒரு சொல் புழங்கியது. அதுதான் பொருத்தம். நிந்திக்கப்படுவது ராஜா, அதாவது அரசாங்கம். தேசம் என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை.

மெக்காலே 1837இல் தயாரித்த குற்றவியல் சட்ட வரைவில் 113ஆம் பிரிவாக இது இருந்தது. 1860இல் சட்டம் நிறைவேறியபோது காணாமல் போயிருந்தது. பத்து வருஷம் கழித்து, 1870இல், வைசிராய் சபையில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், எப்படியோ தவறுதலாக விடுபட்டுவிட்டது என்று சொல்லி 124-ஏ என உள்ளே சேர்த்தார். சிப்பாய்க் கலகம் முடிந்து எழுதிய சட்டத்திலேயே இல்லாமல் காலம் ஓடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த வஹாபிகள் என்ற முஸ்லிம் இயக்கத்தாரின் பிரசாரத்தால் வந்த பயம்தான் பழைய தாளைத் தேடி எடுக்க வைத்தது.

அந்தப் பிரிவின் உயிர் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: டிஸ்அஃபெக்‌ஷன். அரசாங்கத்தின் மேல் 'அஃபெக்‌ஷன்' இல்லாத நிலை. அப்ரீதி என்று சொல்லலாம், அன்பின்மை என்றும் சொல்லலாம். அந்த உணர்வைப் பிறர் மனதில் எழுப்புவதும், எழுப்ப முயல்வதும் குற்றம். கலவரம் நடக்க வேண்டியதில்லை. நடக்கக்கூடும் என்று காட்ட வேண்டியதும் இல்லை. ஒருவன் இன்னொருவனின் கடிகாரத்தைத் திருடினான் என்றால், கடிகாரம் எங்கே என்று கேட்கலாம். ஒருவன் இன்னொருவன் மனதில் அன்பைக் குறைத்தான் என்றால் எதைக் கேட்பது?

நீதிபதிகளே இதில் தடுமாறினார்கள். 1891இல் கல்கத்தாவில் 'பங்கபாசி' பத்திரிகை மேல் முதல் வழக்கு வந்தது. பெண்களின் சம்மத வயதை உயர்த்தும் மசோதாவைப் பற்றி அது கடுமையாக எழுதியிருந்தது. ஜூரிகள் ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை. கடைசியில் பத்திரிகைக்காரர்கள் மன்னிப்புக் கேட்க, வழக்கு கைவிடப்பட்டது. 1897இல் பம்பாயில் திலகர் வழக்கு. அதில் நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளுக்குக் கொடுத்த விளக்கம் பேர்பெற்றது: டிஸ்அஃபெக்‌ஷன் என்றால் அன்பு இல்லாமை, அதில் வெறுப்பு, பகை, அலட்சியம், எந்த வகையான கெட்ட எண்ணமும் அடக்கம். ஜூரிகளில் ஐரோப்பியர் 6 பேரும் குற்றவாளி என்றார்கள், இந்தியர் 3 பேரும் குற்றவாளி இல்லை என்றார்கள். திலகருக்கு 18 மாதம். அடுத்த வருஷமே, 1898இல், சட்டத்தைத் திருத்தி அந்த விளக்கத்தின் சாரத்தைப் பிரிவுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். 'வெறுப்பு, அவமதிப்பு' என்பவையும் உள்ளே வந்தன. வகுப்புகளுக்கிடையே பகை மூட்டுவதைப் பற்றிய 153-ஏ பிரிவும் அப்போது சேர்ந்ததுதான்.

சரி, விமர்சனமே கூடாதா? கூடும் என்று சட்டம் சொல்லியது. அரசாங்கத்தின் நடவடிக்கையைச் சட்ட வழியில் மாற்றுவதற்காகக் குறை சொல்லலாம், அன்பின்மையை மட்டும் எழுப்பக் கூடாது. வரி அதிகம் என்று எழுதலாம், படிப்பவனுக்கு மட்டும் கோபம் வரக் கூடாது. குளத்தில் இறங்கலாம், கால் நனையக் கூடாது என்பது போல.

இந்தச் சட்டம் நடைமுறையில் என்ன செய்தது என்று பார்க்கத் திருநெல்வேலிக்கு வர வேண்டும். 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். வேலைநிறுத்தம் ஜெயித்தது. வ.உ.சி. ஏற்கெனவே 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் வியாபாரத்தில் கை வைத்தவர். வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலின் சிறை விடுதலையை மார்ச் 9இல் கொண்டாடக் கூடாது என்றார்கள்; கொண்டாடினார். 12ஆம் தேதி கைது. 13ஆம் தேதி திருநெல்வேலி கொதித்தது. நகராட்சி அலுவலகம், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தாக்கப்பட்டன, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது, போலீஸ் சுட்டதில் 4 பேர் செத்தார்கள்.

இனி வழக்கு. குற்றம் என்பது மேடைப் பேச்சு. அதற்கு ஆதாரம், கூட்டத்தில் நின்று போலீஸ்காரர்கள் எடுத்த குறிப்பு. ஒலிப்பதிவு கிடையாது. ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கானோர் நடுவே, கைதட்டலுக்கு நடுவே, ஓடுகிற தமிழைக் காதால் கேட்டு எழுதியது, பிறகு ஆங்கிலமாகி வழக்குக் கட்டுக்குள் போகிறது. ஒரு சொல்லின் நிறம் இந்த மூன்று கை மாறலில் எவ்வளவு மாறும் என்பது மொழிபெயர்ப்பு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தண்டனையோ அந்தச் சொல்லின் நிறத்தை வைத்துத்தான்.

1908 ஜூலை 7இல் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சுப்பிரமணிய சிவாவுக்கு 10 ஆண்டு நாடுகடத்தல். வ.உ.சி.க்கு அவர் பேசியதற்கு ஒரு ஆயுள் தண்டனை, அதாவது 20 ஆண்டு. சிவாவுக்குச் சோறும் இடமும் கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு. மொத்தம் 40 என்று நாம் சொல்வது இதைத்தான். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. ராஜநிந்தனை பேசிய சிவாவுக்குப் 10 ஆண்டு. அவருக்குச் சோறு போட்டவருக்கு அதே குற்றத்துக்கு உடந்தையாக 20 ஆண்டு. மூலக் குற்றவாளியைவிட உடந்தைக்காரனுக்கு இரண்டு மடங்கு. நீதிபதி எதைத் தண்டித்தார் என்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அன்று வ.உ.சி.க்கு வயது 35.

லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லிக்கே இது பொறுக்கவில்லை. ராஜநிந்தனை வழக்குகளில் விழும் இடி போன்ற தண்டனைகளைக் கண்டு கலங்குவதாக வைசிராய் மிண்டோவுக்குக் கடிதம் எழுதினார். மார்லி தாராளவாதி, ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சீடர் என்று பெயர் எடுத்தவர். கடிதம் எழுதினாரே தவிர, சட்டத்தைத் தொடவில்லை. அதே மாதம் 22ஆம் தேதி பம்பாயில் திலகருக்கு 6 ஆண்டு நாடுகடத்தல் விழுந்தது. தண்டித்த நீதிபதி தாவர், 1897 வழக்கில் திலகருக்காக வாதாடியவர்களில் ஒருவர்!

வ.உ.சி. மேல்முறையீடு செய்தார். உயர் நீதிமன்றம் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தது. கேள்வியில் 'தண்டனை குறைந்தும் இருக்கிறது' என்று வருகிறதே, அது இது போன்றதுதான். நாற்பது ஆறானது நல்லதுதான். ஆனால் அந்த ஆறு என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். கோவை சிறையிலும் பிறகு கண்ணூர் சிறையிலும் இருந்தார். கோவையில் செக்கு இழுக்க வைத்தார்கள். மாடு இழுக்கும் செக்கு. வெளியே கப்பல் கம்பெனி நொடித்துப் போனது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீல் சன்னதும், அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமமும், பறிபோயிருந்தது. குற்றவாளி எப்படி வக்கீலாக இருப்பது? பல ஆண்டு வறுமைக்குப் பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். வெள்ளைக்கார அரசாங்கத்தின் மேல் அன்பின்மையைப் பரப்பியதாக ஆயுள் தண்டனை வாங்கிய மனிதர் பிள்ளைக்கு வைத்த பேர் இது.

இவ்வளவு பெரிய வழக்கு ஒவ்வொன்றும் அரசாங்கத்துக்குத் தலைவலிதான். வழக்கு என்றால் வாதம் வேண்டும், மாதக்கணக்கில் பத்திரிகைகளில் செய்தி வரும், குற்றவாளிக் கூண்டு மேடையாக மாறும். திலகருக்குத் தண்டனை விழுந்ததும் பம்பாய் மில் தொழிலாளர்கள் 6 நாள் வேலைக்குப் போகவில்லை. 1922 மார்ச் 18இல் அகமதாபாத்தில் காந்தி செய்தது இதன் உச்சம். குற்றத்தை ஒப்புக்கொண்டார், குடிமகனின் சுதந்திரத்தை நசுக்க எழுதிய அரசியல் பிரிவுகளுக்குள் 124-ஏ இளவரசன் என்றார், அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்ய முடியாது என்றார், அதிகபட்சத் தண்டனை கொடுங்கள் என்று நீதிபதி புரூம்ஃபீல்டிடம் கேட்டார். புரூம்ஃபீல்டு திலகருக்குக் கொடுத்த அதே 6 ஆண்டைக் கொடுத்து, அரசாங்கம் இதைக் குறைத்தால் தன்னைவிட மகிழ்பவர் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தார். அரசாங்கம் ஜெயித்த வழக்கு அது. யார் தோற்றார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே கூண்டு இல்லாமல், வாதம் இல்லாமல் காரியம் முடிக்கும் வழி தேவைப்பட்டது. அதுதான் நான் சொன்ன கயிறு. அதற்குப் பேர் ஜாமீன் தொகை.

பழைய தமிழ்ப் பத்திரிகை எதையாவது எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். இன்னார் அச்சிட்டு, இன்னார் வெளியிட்டது, இன்ன தெரு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரி 1867இன் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டத்தின் பிள்ளை. அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன்னால் போய்ப் பேர் பதிய வேண்டும். வழக்கு என்று வந்தால் போலீஸ் அந்தப் பேரைத்தான் தேடி வரும். பாரதியார் எழுதிய 'இந்தியா' பத்திரிகையில் அவர் பேர் பதிவில் இல்லை. பதிவாகியிருந்த ஆசிரியர் எம்.சீனிவாசன். 1908இல் கட்டுரைகளுக்காக வழக்கு வந்தபோது 5 ஆண்டு சிறைக்குப் போனவர் அந்தச் சீனிவாசன். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதியைக் கோழை என்று சொல்ல வரவில்லை. இருந்திருந்தால் செக்கு அவருக்கும் காத்திருந்தது. ஆனால் சீனிவாசன் பேரை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்?

1878இல் வைசிராய் லிட்டன் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம்தான் இந்தக் கயிற்றின் முதல் முறுக்கு. இந்திய மொழிகளில் வரும் பத்திரிகைகளிடம் மாஜிஸ்திரேட் பிணை கேட்கலாம், நீதிமன்றத்தில் முறையிட முடியாது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது கிடையாது. வங்காள மொழியிலும் வந்துகொண்டிருந்த 'அம்ருத பஜார்' ஒரே ராத்திரியில் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறித் தப்பித்தது. அடுத்த வைசிராயாக ரிப்பன் வந்து அந்தச் சட்டத்தை நீக்கினார். 1910இல் அது வேறு உடையில் திரும்பி வந்தது.

1910 பத்திரிகைச் சட்டம் எப்படி வேலை செய்தது என்றால், புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும். ஆட்சேபத்துக்குரியதாக ஏதாவது வந்துவிட்டது என்று மாகாண அரசு நினைத்தால் அந்தப் பணம் போச்சு. மறுபடி நடத்த வேண்டுமா, 1,000 முதல் 10,000 வரை கட்டு. அதற்குப் பிறகும் தப்பு நடந்தால் பணம், அச்சு இயந்திரம், இருக்கிற பிரதிகள் எல்லாமே பறிமுதல். முதலில் தண்டனை, வேண்டுமானால் அப்புறம் உயர் நீதிமன்றம். அங்கேயும் 'நான் குற்றம் செய்யவில்லை' என்று காட்டும் பாரம் பத்திரிகைக்காரர் தலையில். 1913இல் 'காம்ரேட்' பத்திரிகை ஆசிரியர் மௌலானா முகமது அலி இப்படி ஒரு பறிமுதலை எதிர்த்துக் கல்கத்தா உயர் நீதிமன்றம் போனார். தலைமை நீதிபதி ஜென்கின்ஸ், மனித மூளையால் எவ்வளவு விரித்து எழுத முடியுமோ அவ்வளவு விரித்து எழுதியிருக்கிறார்கள் என்று அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு மனுவைத் தள்ளுபடி செய்தார். சட்டம் அப்படி இருந்தால் அவர்தான் என்ன செய்வார்?

பெரிய கைகள் தாக்குப் பிடித்தன. சென்னையில் அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா' 1916இல் 2,000 ரூபாய் ஜாமீனை இழந்தது, உடனே 10,000 கேட்டார்கள், கட்டிவிட்டு நடத்தினார். காலால் மிதித்து ஓட்டும் ஒரு ட்ரெடில் மிஷினும் எழுத்துக் கோக்க இரண்டு கம்பாசிட்டரும் வைத்து, கடனுக்குக் காகிதம் வாங்கி, சந்தா வந்தால் சம்பளம் என்று ஓட்டிய தமிழ்ப் பத்திரிகைக்காரர் என்ன செய்வார்? அவருக்கு ஜாமீன் நோட்டீஸ் வந்தால் போதும், சிறை தேவையில்லை. அவரைவிட முக்கியமாக, அவருக்கு அச்சடித்துக் கொடுக்கும் அச்சகக்காரருக்கு வந்தால் போதும். ஈயத்தைக் கோக்கும்போதே 'ஐயா, இந்த வரி வேண்டாமே' என்பார். எந்த ஆவணத்திலும் பதியாத தணிக்கை இதுதான். எத்தனை வழக்கு நடந்தது என்று எண்ணிப் பார்த்து அந்தக் காலத்துச் சுதந்திரத்தை அளக்க முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

1922இல் இந்தச் சட்டத்தை எடுத்தார்கள். உப்புச் சத்தியாக்கிரகம் வந்ததும் 1931இல் அவசர அதிகாரச் சட்டம் என்று திரும்ப வைத்தார்கள். அதன் வேகத்தைப் பார்க்க ஈரோட்டுக்குப் போகலாம். 1933 அக்டோபரில் 'குடி அரசு' இதழில் 'இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும்?' என்ற தலையங்கத்தைப் பெரியார் எழுதினார். அதற்கு 124-ஏயில் வழக்கு. எழுதிய பெரியாரும், வெளியீட்டாளராகப் பதிவாகியிருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். இன்னொரு பக்கம் ஜாமீன் நெருக்கடி. 'குடி அரசு' நின்றது, 'புரட்சி' வந்தது. 'புரட்சி' நின்றது, 'பகுத்தறிவு' வந்தது. 1935இல் மறுபடி 'குடி அரசு'. படிக்கிறவன் ஒருத்தன்தான், எழுதுகிறவரும் ஒருத்தர்தான், பேர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. பெரியார் வசதியான குடும்பத்துக்காரர் என்பதால் இந்தக் கண்ணாமூச்சி ஆட முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செத்த பிறகும் விடவில்லை. பாரதி 1921இல் போய்விட்டார். 1928இல் பர்மா அரசு அவர் பாட்டுப் புத்தகங்களைத் தடை செய்ய, அதைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசும் பறிமுதல் உத்தரவு போட்டது. பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த பாட்டுகள். சட்டசபையில் சத்தியமூர்த்தி பிடிபிடி என்று பிடித்தார். இதற்கு எந்த நீதிபதியும் தேவைப்படவில்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஏ பிரிவின்படி அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும்.

கயிற்றின் இன்னொரு புரி, விசாரணையே இல்லாத காவல். வங்காளத்தின் 1818ஆம் வருஷ மூன்றாவது ரெகுலேஷன், சென்னையின் 1819ஆம் வருஷ இரண்டாவது ரெகுலேஷன் இரண்டும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சரக்கு. குற்றச்சாட்டு கூடச் சொல்லாமல் ஆளைப் பிடித்து வைக்கலாம். 1907இல் லாலா லஜபதி ராயைப் பர்மாவிலுள்ள மாண்டலேக்கு அனுப்பியது அந்த நூறு வருஷப் பழசைத் தூசு தட்டித்தான். 1917இல் அன்னி பெசன்டை ஊட்டியில் வைத்தது யுத்தகால இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில். யுத்தம் முடிந்த பிறகும் இந்த வசதியை விட மனமில்லாமல் கொண்டுவந்ததுதான் 1919இன் ரௌலட் சட்டம். அதைப் பரிந்துரைத்த குழுவில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி.குமாரசாமி சாஸ்திரியும் ஓர் உறுப்பினர். அதை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற யோசனை காந்திக்குத் தோன்றியது சென்னையில், ராஜாஜி வீட்டில் தங்கியிருந்தபோது. ஊர் ஒன்றுதான், இரண்டு பக்கத்துக்கும் ஆள் கொடுத்திருக்கிறது.

நீதிமன்றங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். இங்கிலாந்தில் ராஜநிந்தனை என்றால் கலகத்தைத் தூண்டும் நோக்கம் இருந்ததா என்று பார்ப்பார்கள். அதே ஆங்கிலேயர், அதே நூற்றாண்டு, கடல் தாண்டினால் அளவுகோல் மாறிவிடும். 1942இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் இதைச் சரிசெய்யப் பார்த்தார். பொது ஒழுங்கு கெட வேண்டும், அல்லது கெடும் என்ற நியாயமான வாய்ப்பாவது இருக்க வேண்டும், அரசாங்கத்தின் தன்மானம் புண்பட்டதற்காக இந்தச் சட்டம் இல்லை என்று நிஹரேந்து தத் மஜும்தார் வழக்கில் எழுதினார். அருமையான தீர்ப்பு. 1947இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் பாலேராவ் வழக்கில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. சட்டத்தில் எழுதியிருப்பது அன்பின்மைதான், கலவரம் தேவை என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டது. எழுத்தைப் பார்த்தால் பிரிவி கவுன்சில் சொன்னது சரிதான். சிக்கலே எழுத்தில்தானே இருந்தது.

இவ்வளவும் வெள்ளைக்காரன் கொடுமை என்று முடித்தால் கதை பாதியில் நிற்கும். 1937இல் மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் வந்தன. சென்னையில் ராஜாஜி பிரதமர் (மாகாண முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொன்னார்கள்). பதவியேற்ற சில மாதத்திலேயே, அக்டோபரில், காங்கிரஸ் சோஷலிஸ்டான எஸ்.எஸ்.பாட்லிவாலா மேல் அவர் அரசாங்கம் ராஜநிந்தனைப் பேச்சுக்கு வழக்குப் போட்டது. 6 மாதத் தண்டனை. முந்தைய வருஷம்தான் நேரு முன்கை எடுத்து, தாகூரைத் தலைவராக வைத்து, குடிமக்களின் உரிமைகளுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். நேருவுக்கு இது பெரிய அதிர்ச்சி.

அப்புறம் சுதந்திரம். அரசியலமைப்பு வரைவில் பேச்சுரிமைக்கு விதிவிலக்காக இருந்த ராஜநிந்தனை என்ற சொல்லை 1948இல் கே.எம்.முன்ஷி திருத்தம் கொடுத்து எடுக்க வைத்தார். குற்றவியல் சட்டத்தில் 124-ஏ அப்படியே இருந்தது. சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகையை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்ததை 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கு அது. மறு வருஷமே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்குப் 'பொது ஒழுங்கு' என்ற விதிவிலக்கு சேர்ந்தது. அந்த விவாதத்தில்தான் நேரு 124-ஏ அருவருப்பான பிரிவு, சீக்கிரம் தொலைத்தால் நல்லது என்றார். அதற்குப் பிறகு 13 வருஷம் பிரதமராக இருந்தார்.

1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவை ரத்து செய்யாமல், குவையர் சொன்ன பொருளை அதற்குக் கொடுத்துக் காப்பாற்றியது. ஆனால் காவல் நிலையத்தில் கேதார்நாத் தீர்ப்பைப் படித்துவிட்டா வழக்குப் பதிந்தார்கள்? இன்னொன்று சொல்கிறேன், நம்பக் கஷ்டமாக இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் 124-ஏயில் வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. முடியும் என்று மாற்றியது 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது; 124-ஏ அதில் இல்லை. 'அன்பின்மை' என்ற சொல்லும் போய்விட்டது. 152ஆம் பிரிவு இருக்கிறது. பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாசவேலை ஆகியவற்றைத் தூண்டுவது, பிரிவினை உணர்வை ஊக்குவிப்பது பற்றியது. நாசவேலை என்றால் என்ன என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை. 1870இன் பிரிவில் ஆயுள் தண்டனைக்கு அடுத்தபடியாக இருந்த சிறை 3 ஆண்டு வரை. இதில் அது 7 ஆண்டு.